மேட்டூருக்கு ஸ்டெல்லைட், கல்பாக்கத்துக்குக் கால்மனாய்

நிலக்கரி ஏற்றிவரும் சரக்கு ரயில்கள் ஓமலூரில் பெங்களூர்த் தடத்தை விட்டுப் பிரிந்து மேட்டூர் அணைப் பக்கம் திரும்புகின்றன. அந்தக் கரி மேட்டூர் அனல் மின் நிலையத்தில் எரிந்து, தண்ணீரை 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான நீராவியாக்குகிறது. அந்த நீராவியைத் திறந்தும் அடைத்தும் கட்டுப்படுத்துபவை வால்வுகள். வால்வின் மூடியும் அது வந்து உட்காரும் சீட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி உரசுகின்றன. வெறும் எஃகாக இருந்தால் அந்த முகங்கள் சீக்கிரமே கீறல் விழுந்து நீராவியைக் கசியவிடும். அதனால் உலகெங்கும் அனல் நிலையங்களின் உயர் அழுத்த வால்வுகளில், உரசும் முகங்களின்மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்கு வேறொரு உலோகத்தை உருக்கி ஏற்றுகிறார்கள். அந்த உலோகம் பெரும்பாலும் ஸ்டெல்லைட். சங்ககிரி, நாமக்கல் லாரிகளின் டீசல் எஞ்சினைப் பிரித்தால் வெளியே வரும் எக்ஸாஸ்ட் வால்வு பலவற்றின் முகத்திலும் அதே குடும்பத்து உலோகம்தான் இருக்கும்.

ஓமலூரிலிருந்து கிழக்கே கடற்கரையை நோக்கிப் போனால் கல்பாக்கம். அங்கே பாவினி நிறுவனம் கட்டிய 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை இருக்கிறது. அதன் மையத்திலிருந்து வெளியேறும் திரவ சோடியத்தின் வெப்பம் 547 டிகிரி. மேட்டூர் நீராவியின் சூட்டுக்கு அது பக்கத்தில்தான். வேலையும் அதே மாதிரிதான். உலோக முகங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகின்றன, சறுக்குகின்றன, உரசுகின்றன. ஆனால் கல்பாக்கத்து வடிவமைப்பாளர்கள் பெரும்பாலான உறுப்புகளில் ஸ்டெல்லைட் வேண்டாம் என்று முடிவுசெய்து, நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கால்மனாயை எடுத்துக்கொண்டார்கள். சூடும் உரசலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது உலோகம் மட்டும் ஏன் மாறியது? கால்மனாய் மேலான உலோகம் என்பதால் மாறியிருக்கும் என்று நினைத்தால் அது சரியல்ல. பல வகையில் ஸ்டெல்லைட்தான் கைக்கு அடங்கிய உலோகம்.

ஸ்டெல்லைட்டின் தகப்பன் எல்வுட் ஹேன்ஸ், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கோகோமோ ஊர்க்காரர். 1894-லேயே சொந்தமாக மோட்டார் வண்டி செய்து ஓட்டியவர். 1907-ல் கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்த கலவைக்குக் காப்புரிமை பெற்றார். சில ஆண்டுகள் கழித்து டங்ஸ்டனையும் சேர்த்தார். முதலில் அது லேத்தில் வெட்டும் டூலாகத்தான் பேர் வாங்கியது. கார்பைடு டூல் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகும், தேய்மானத்தைத் தாங்கும் பூச்சாக ஸ்டெல்லைட் நிலைத்துவிட்டது. இன்று அதிகம் புழங்கும் ஸ்டெல்லைட்-6 கலவையில் ஏறக்குறைய 60 சதவீதம் கோபால்ட், 28 சதவீதம் குரோமியம், 4 அல்லது 5 சதவீதம் டங்ஸ்டன், ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கார்பன்.

கால்மனாய் பிந்தியது. 1938-ல் டெட்ராய்ட்டில் தொடங்கிய வால் கால்மனாய் நிறுவனத்தின் சரக்கு. கல்பாக்கத்துப் பேச்சில் அடிபடும் கால்மனாய்-5 பெரும்பகுதி நிக்கல். குரோமியம் 14 சதவீதம் அளவில். கூடவே சிலிக்கன், இரும்பு, கொஞ்சம் கார்பன். இவற்றைவிட முக்கியமாக, இரண்டு சதவீதத்துக்கு மேல் போரான். இந்தப் போரானும் சிலிக்கனும் உருகும் வெப்பத்தைக் கீழே இறக்குகின்றன, ஆக்சைடு அழுக்கைத் தாமே கரைத்துக்கொள்கின்றன. அதனால் தனியாக ஃபிளக்ஸ் போடாமலேயே ஏற்றலாம்.

கடினத்தை ராக்வெல் 'சி' அளவில் பார்த்தால் ஸ்டெல்லைட்-6 சுமார் 38 முதல் 45 வரை. கால்மனாய்-5 சுமார் 45 முதல் 50 வரை. எண்ணை மட்டும் பார்த்தால் கால்மனாய் ஜெயித்தது. ஆனால் உரசலில் கடினம் மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டிலுமே இளகிய உலோகத்துக்குள், கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பதுபோல, கடினத் துகள்கள் பதிந்திருக்கின்றன. ஸ்டெல்லைட்டில் அவை குரோமியக் கார்பைடுகள். கால்மனாயில் குரோமிய போரைடுகளும் கார்பைடுகளும். ஸ்டெல்லைட்டின் சிறப்பு இந்தத் துகள்களில் இல்லை, அவற்றைப் பிடித்திருக்கும் கோபால்ட்டில்தான் இருக்கிறது. அழுத்தி உரசும்போது கோபால்ட்டின் மேல்தோலில் அணுக்களின் அடுக்குமுறையே மாறிவிடுகிறது. கனசதுர ஒழுங்கில் இருந்தவை அறுகோண ஒழுங்குக்குப் போகின்றன. மாறிய அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று லேசாகச் சறுக்கும். அதனால் எதிர் முகத்தோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருவதில்லை. நம் பட்டறைகளில் "சீஸ் ஆகிப்போச்சுங்க" என்று சொல்வார்களே, இரண்டு உலோகமும் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றுவிடும் நிலை, அதற்கு எதிரான காப்பு கோபால்ட்டின் பிறவிக் குணத்திலேயே இருக்கிறது. கால்மனாய்க்கு அந்தக் குணம் இல்லை. தன் கடினத்தை வைத்துத்தான் அது சமாளிக்க வேண்டும்.

சோடியம் உலையில் இந்த ஒட்டும் நோய் இன்னும் மோசம். காற்றிலோ தண்ணீரிலோ இருக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் மேல் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று எப்போதும் இருக்கும். இரண்டு பாகங்கள் நேருக்கு நேர் ஒட்டாமல் தடுப்பது அதுதான். சூடான திரவ சோடியம் ஆக்சிஜனுக்கு அலையும் பொருள். எஃகின் அந்தத் தோலை அது உரித்துவிடும். உரித்தபின் சுத்தமான உலோகமும் சுத்தமான உலோகமும் பாரத்தோடு, 500 டிகிரிச் சூட்டில், மாதக்கணக்கில் தொட்டுக்கொண்டே இருந்தால், வெல்டிங் இல்லாமலே பற்றிக்கொள்ளும். எரிபொருள் மாற்றப் போகும்போது வெளியே வர வேண்டிய பாகம் வர மறுத்தால் என்ன ஆகும்? சோடியம் கண்ணாடி மாதிரி தெளிந்த திரவமல்ல. உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. காற்று பட்டால் தீப்பிடிக்கும். 1,150 டன் சோடியம் நிறைந்த தொட்டிக்குள் சிக்கிய பாகத்தை எடுப்பது மேட்டூரில் ஒரு வால்வைக் கழற்றிப் பிரிக்கும் கதையல்ல. ஆகவே உரசும் முகத்தில் கடின உலோகத்தை ஏற்றும் இந்த ஹார்டு ஃபேஸிங் அங்கே தேவையா என்ற கேள்விக்கே இடமில்லை. எந்த உலோகத்தை இடுவது என்பது மட்டும்தான் கேள்வி.

இங்கேதான் நியூட்ரான் வந்து கணக்கை மாற்றுகிறது.

இயற்கையில் கிடைக்கும் கோபால்ட் அத்தனையும் ஒரே வகை அணு, கோபால்ட்-59. மெதுவாகப் போகும் நியூட்ரானைப் பிடித்துக்கொள்வதில் அதற்கு ஆசை அதிகம். அணுக்கருவின் பிடிக்கும் திறனை அளக்கும் 'பார்ன்' என்ற அலகில் கோபால்ட்டுக்கு 37. நிக்கலுக்கு 4.5 அளவில், இரும்புக்கு அதைவிடவும் குறைவு. ஒரு நியூட்ரானை விழுங்கியதும் அது கோபால்ட்-60 ஆகிறது. பிறகு நிக்கல்-60 ஆக மாறும்போது ஒவ்வொரு சிதைவிலும் 1.17, 1.33 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமாக் கதிர்களை வெளியிடுகிறது. இவை ஊடுருவும் கதிர்கள். பாதியாகக் குறைக்க ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். ஆயிரத்தில் ஒன்றாக்க வேண்டுமென்றால் அதைப்போல் பத்து மடங்கு கனம்.

அரை ஆயுள் 5.27 ஆண்டு. இந்த எண்தான் உண்மையான தொல்லை. சில நிமிடத்தில் அழியும் கதிரியக்கம் என்றால் காத்திருந்துவிடலாம். ஆயிரக்கணக்கான ஆண்டு நிற்பது என்றால் கதிர் வீசும் வேகமும் அந்த அளவுக்கு மந்தமாக இருக்கும். ஐந்து ஆண்டு என்பது இரண்டுக்கும் நடுவே, மனிதனுக்கு மிகவும் இடைஞ்சலான இடம். பராமரிப்புக்குக் காத்திருக்க முடியாத அளவுக்கு நீளம், வீரியம் குறையாத அளவுக்குக் குறுக்கம். ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய சுமார் 53 ஆண்டு ஆகும். உலையின் வடிவமைப்பு ஆயுளே 40 ஆண்டுதான்.

இதே அணுவை நாம் வேண்டுமென்றே செய்துகொள்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ராஜஸ்தானின் ராவத்பாட்டா அணு உலைகளில் கோபால்ட்டை உள்ளே வைத்து கோபால்ட்-60 ஆக்கி எடுக்கிறார்கள். புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும் 'கோபால்ட் மெஷின்' அதில்தான் இயங்குகிறது. ஊசி, சிரிஞ்சு போன்ற மருத்துவச் சாமான்களைக் கிருமி நீக்கவும் அதே கதிர்தான். இருக்க வேண்டிய பெட்டிக்குள் இருக்கும்வரை அது நல்ல வேலைக்காரன். பெட்டியை விட்டு வெளியே வந்தால் என்னாகும் என்பதை 2010-ல் டெல்லி மாயாபுரி காட்டியது. டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கதிர்வீச்சுக் கருவி இரும்புக் கடைக்குப் போய், அங்கே உடைக்கப்பட்டு, அதைத் தொட்டவர்களில் ஒருவர் இறந்துபோனார். பழைய இரும்பு வாங்கி விற்கும் கடைகள் நிறைந்த நம் பக்கத்தில் இந்தச் செய்தியைப் போகிற போக்கில் படித்துவிட்டுப் போனார்கள். அப்படிப் போயிருக்கக் கூடாது.

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகவியலாளர்கள் இந்தத் தேர்வைத் தீர யோசித்தே செய்தார்கள். பின்னாளில் மையத்தின் இயக்குநராக இருந்த ஏ.கே. பாதுரி, எஸ்.கே. ஆல்பர்ட் முதலியோர் எழுதிய கட்டுரை 2004-ல் 'ஜர்னல் ஆஃப் நியூக்ளியர் மெட்டீரியல்ஸ்' ஏட்டில் வந்தது. முன்மாதிரி வேக ஈனுலைக்கு எந்த ஹார்டு ஃபேஸிங் உலோகம் என்பதே அதன் பொருள். தூண்டப்படும் கதிரியக்கம் எவ்வளவு, அதைத் தடுக்க எவ்வளவு கனமான கவசம் வேண்டும், பாகங்களைக் கையாளுவதும் பராமரிப்பதும் ஆயுள் முடிந்து உலையைப் பிரிப்பதும் எப்படி என்பவற்றைக் கணக்கில் எடுத்து, பெரும்பாலான உறுப்புகளுக்கு நிக்கல் வகையே சரி என்று அவர்கள் தீர்மானித்தார்கள். இந்தக் காரணப் பட்டியலைக் கவனியுங்கள். தேய்மானத்தில் கால்மனாய் மேல் என்ற வாதம் அங்கே தலைமை இடத்தில் இல்லை. தேய்மானத்தில் 'போதும்' என்ற தகுதி இருந்தால் சரி. மற்றதெல்லாம் பின்னால் அந்தப் பாகத்தைத் தொடப்போகிற மனிதனைப் பற்றிய கணக்கு.

'போதும்' என்பதை நிரூபிப்பதும் லேசான வேலையல்ல. ஏற்றிய அன்று கடினமாக இருக்கும் உலோகம் 550 டிகிரியில் நாற்பது ஆண்டு வெந்த பிறகும் அப்படியே இருக்குமா? நாற்பது ஆண்டு காத்திருந்து பார்த்துவிட்டு உலை கட்ட முடியாது. அதனால் இன்னும் அதிகச் சூட்டில் குறைந்த காலம் வைத்துப் பார்த்து, கடினம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்து, அதிலிருந்து நீண்ட காலத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். உலோகம் முதுமை அடையும் வேகத்தைச் சூட்டால் முடுக்கிவிட்டுப் பார்க்கும் முறை அது. கால்மனாய் அந்தச் சோதனையில் தேறியது.

தேறியபின் வந்தது வெல்டரின் சோதனை. இந்த ஒப்பாய்வில் எனக்கு அதிகம் பிடித்த பகுதி இதுதான். ஏனென்றால் உலோகத்தை மாற்றியதன் விலையைக் கொடுத்தவர் இங்கேதான் இருக்கிறார்.

உலையின் கிரிட் பிளேட் என்பது மையத்தைத் தாங்கும் பெரிய வட்டமான பெட்டி. எரிபொருள் சப்-அசெம்பிளிகள் மட்டும் 181. மற்றவற்றையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல். ஒவ்வொன்றும் அதன் அடிப்பகுதியால் கிரிட் பிளேட்டில் நிற்கும் ஒரு குழலுக்குள் இறங்கி உட்கார வேண்டும். உட்காரும் அந்த முகங்களில் கால்மனாய் வேண்டும். எரிபொருளைத் தூக்கி இறக்கும் கருவியின் பிடி போன்ற உறுப்புகளிலும் வேண்டும். அடிப்படை உலோகமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சூடேறினால் அது நிறைய விரியும், ஆறினால் நிறையச் சுருங்கும். கால்மனாய் அவ்வளவு விரிவதில்லை. அதோடு நீளும் தன்மையும் கிட்டத்தட்ட இல்லை. உருக்கி ஏற்றியதை அப்படியே ஆறவிட்டால், கீழே இருக்கும் எஃகு ஒரு பக்கம் இழுக்க, மேலே இருக்கும் கால்மனாய் கொடுத்துப் போகத் தெரியாமல் வெடிக்கும். ஸ்டெல்லைட்டும் வெடிக்கக்கூடியதுதான். ஆனால் கொஞ்சமாவது பொறுத்துக்கொள்ளும்.

வெடிக்காமல் இருக்கப் பாகத்தை முன்கூட்டியே நன்றாகச் சூடாக்க வேண்டும், ஏற்றும்போதும் சூட்டைக் குறையவிடாமல் காக்க வேண்டும், பிறகு மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். கையளவு வால்வுக்கு இது பெரிய விஷயமில்லை. பல மீட்டர் அகலமுள்ள ஒரு வட்டத் தட்டில் வளைய வளையமாக ஏற்றும்போது, முழுத் தட்டையும் ஒரே சீராகச் சூடாக்குவதே பெரும்பாடு. அதிகம் சூடாக்கினால் தட்டு கோணிக்கொள்ளும். இங்கே கோணல் மில்லிமீட்டரின் பின்னத்தில் அளக்கப்படும். குறைவாகச் சூடாக்கினால் வெடிப்பு. அதனால் பள்ளத்தின் வடிவம், ஏற்றும் கனம், சூட்டின் அளவு என்று ஒவ்வொன்றையும் முன்மாதிரிகளில் செய்து பார்த்துத்தான் நடைமுறை வகுக்க வேண்டியிருந்தது. ஏற்றி முடித்த பாகத்தில் எஞ்சி நிற்கும் இழுவிசை எவ்வளவு, உலை ஓடி நின்று ஓடும்போது சூடு ஏறி இறங்கினால் வெடிப்பு வருமா என்பவற்றைப் பற்றியே தனி ஆய்வுகள் நடந்தன.

இரண்டாவது தொல்லை கலப்படம். உருகிய கால்மனாயோடு கீழே இருக்கும் எஃகும் கொஞ்சம் உருகிக் கலக்கும். இரும்பு கலந்த இடத்தில் கடினம் இறங்கும். நம் பட்டறைக்காரர்கள் ஆர்கான் வெல்டிங் என்று சொல்லும் டிக் முறையில் ஏற்றினால், எல்லைக்கோட்டிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்கு மேலும் இந்தக் கலப்பு பரவுகிறது என்று கல்பாக்கத்து ஆய்வுகள் காட்டின. ஏற்றுவதே சில மில்லிமீட்டர். அதில் பாதி கலப்படம் என்றால் மிச்சம் என்ன? அதனால் பிளாஸ்மா ஆர்க் முறைக்குப் போனார்கள். உலோகம் பொடியாகப் பாய்ந்து பிளாஸ்மாச் சூட்டில் உருகிப் படியும். அடி எஃகு குறைவாகவே உருகும், கலப்பும் குறைவு. கருவி விலை கூடுதல், கைத்தேர்ச்சியும் வேறு.

புஷ் செய்வதில் ஒரு தந்திரம் எனக்குப் பிடித்தது. முழுக்க முழுக்கக் கடின உலோகத்தாலான சிறு குழல் வேண்டும். கால்மனாயைக் குழலாக வார்ப்பது எளிதல்ல. ஆகவே ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியின்மேல் சுற்றிலும் கால்மனாயை வெல்டிங்கால் கனமாக ஏற்றினார்கள். பிறகு நடுவில் உள்ள கம்பியைக் கடைந்து எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது கால்மனாய்க் குழல். பெரிய ஆய்வகத்தில் செய்தது என்றாலும் இது நல்ல லேத் ஆள் ஒருவருக்குத் தோன்றக்கூடிய யோசனைதான். கருப்பூர் அரசினர் பொறியியல் கல்லூரியில் உலோகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறைப் பயிற்சியாக இதைக் கொடுக்கலாம்.

இவ்வளவு சொன்னபின் நிக்கலின் குறைகளையும் மறைக்கக் கூடாது. கோபால்ட் வேண்டாம் என்று நிக்கலுக்குப் போனால் கோபால்ட் முழுக்க விலகிவிடும் என்று நினைப்பது தவறு. இயற்கை நிக்கலில் 68 சதவீதம் நிக்கல்-58. வேகமான நியூட்ரான் ஒன்று மோதி அதிலிருந்து ஒரு புரோட்டானைத் தள்ளிவிட்டால் கோபால்ட்-58 பிறக்கும். வேக ஈனுலையில் வேகமான நியூட்ரானுக்குப் பஞ்சமில்லை. நிக்கல்-60 அணுவிலிருந்து அதே வழியில் சிறிதளவு கோபால்ட்-60 கூடப் பிறக்கும். ஆனால் கோபால்ட்-58-இன் அரை ஆயுள் 71 நாள். ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய இரண்டு ஆண்டு கூட ஆகாது. கோபால்ட்-60-க்கு 53 ஆண்டு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வாதம் பாதி முடிந்துவிடுகிறது. கால்மனாய் பூசிய பாகத்தை எடுத்துக் கவசப் பெட்டியில் இரண்டு ஆண்டு வைத்தால், கோபால்ட்-58 தொல்லை ஏறக்குறையத் தீர்ந்துவிடும். ஸ்டெல்லைட் பூசியதை வைத்தால், வைத்தவர் ஓய்வு பெற்றபின் அவர் மகன் வந்து எடுக்க வேண்டும்.

பாதி முடிந்தது என்றேன், முழுதும் இல்லை. நிக்கல் நீண்டகாலக் கணக்கில் வேறு கடன் வைக்கிறது. நிக்கல்-63-இன் அரை ஆயுள் நூறு ஆண்டு அளவில். நிக்கல்-59-க்கு எழுபதாயிரத்துக்கும் மேல். இவற்றின் கதிர் வெளியே நிற்பவரைச் சுடாது. ஆனால் கழிவாகப் புதைக்கும்போது இவற்றையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். சோடியம் மெல்லக் கரைத்தெடுக்கும் உலோகங்களில் நிக்கல் முன்னால் நிற்கிறது என்பதும் ஒரு குறை. அடுத்தது போரான். அதில் ஐந்தில் ஒரு பங்கான போரான்-10 நியூட்ரானை விழுங்குவதில் கோபால்ட்டைப்போல் நூறு மடங்கு வேகம், 3,840 பார்ன். விழுங்கியதும் ஹீலியமும் லித்தியமுமாக உடைகிறது. உலோகத்துக்குள் ஹீலியம் சேர்ந்தால் அது நல்லதல்ல. நியூட்ரான் கொட்டும் மையத்தின் நட்டநடுவில் இந்தக் கலவையைப் பூசினால் இந்தக் கேள்வி பெரிதாகும். உட்காரும் முகங்கள் மையத்துக்குக் கீழே, நியூட்ரான் அடங்கிய இடத்தில் இருப்பதால் கால்மனாய் தப்பிக்கிறது.

இந்தத் தேர்வு கல்பாக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. பிரான்சும் வேக உலைகளில் நிக்கல் வகையின் பக்கம்தான் நடந்தது. 2019-ல் கைவிடப்பட்ட அஸ்ட்ரிட் திட்டத்துக்காக, ஸ்டெல்லைட்-6-க்கு மாற்றாகக் கால்மனாய்-52-ஐ லேசரால் ஏற்றிச் சோதித்தார்கள். அமெரிக்கர்கள் தண்ணீர் உலைகளுக்காக வேறு வழி பிடித்தார்கள். அங்கே சிக்கலின் உருவமே வேறு. வால்விலிருந்து தேய்ந்த கோபால்ட் துகள் தண்ணீரோடு மையத்துக்குள் போகும், கதிரியக்கம் ஏற்றிக்கொண்டு வெளியே வரும், குழாய்களின் உட்சுவரில் படியும். உலையைப் பராமரிக்கப் போகும் தொழிலாளர் வாங்கும் கதிரில் பெரும்பகுதி இந்தப் படிவிலிருந்துதான். எனவே அமெரிக்க மின்சக்தி ஆராய்ச்சி நிறுவனம் இரும்பை அடிப்படையாகக் கொண்ட நோரெம் என்ற கோபால்ட் இல்லாக் கலவையை 1980-களில் உருவாக்கியது. குளிர்ந்த நிலையில் அது ஸ்டெல்லைட்டுக்கு நிகராக நின்றது. 200 டிகிரியை நெருங்கும்போதே ஒட்டிப் பிய்யத் தொடங்கியது. சோடியம் உலையின் 550 டிகிரிக்கு அதைக் கொண்டுபோக முடியாது. மாற்று உலோகம் என்று ஒன்றைச் சொல்லும்போது எந்தச் சூட்டில், எந்தத் திரவத்தில், எந்த நியூட்ரானுக்கு முன் என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்கு நோரெம் நல்ல சாட்சி.

விலையும் ஒரு காரணமாக இருந்ததா என்று கேட்கலாம். கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. 1978-ல் அங்கே ஷாபா மாகாணத்தில் படையெடுப்பு நடந்தபோது கோபால்ட் விலை துள்ளியது. உலகம் முழுக்க ஸ்டெல்லைட்டுக்கு மாற்றுத் தேடியதில் அந்த அதிர்ச்சிக்கும் பங்கு உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பாறையைக் குடையும் பிட்டின் பட்டன்களில், டங்ஸ்டன் கார்பைடைப் பிடித்து வைத்திருப்பதும் கோபால்ட்தான். அதனால் அந்த விலையேற்றம் நம் ஊர் போர்வெல் அடிக்கு எவ்வளவு என்பதிலும் எங்கோ ஒளிந்திருக்கும். ஆனால் கல்பாக்கத்தில் விலை பேசவில்லை. ஒரு உலையில் சேரும் ஹார்டு ஃபேஸிங் உலோகத்தின் விலை, உலையின் மொத்தச் செலவில் கண்ணுக்குத் தெரியாது.

ஆக, என் தீர்ப்பு இப்படி. உலோகம் என்ற முறையில் இரண்டையும் மேசைமேல் வைத்தால் நான் ஸ்டெல்லைட்டைத்தான் எடுப்பேன். ஏற்றுவது எளிது, வெடிப்பது குறைவு, ஒட்டும் நோய்க்கு உள்ளேயே மருந்து இருக்கிறது. மேட்டூரிலும் லாரி எஞ்சினிலும் அதை மாற்றச் சொல்வது வீண் வேலை. அங்கே நியூட்ரான் இல்லை, கோபால்ட்-59 கடைசிவரை கோபால்ட்-59 ஆகவே இருக்கும். கல்பாக்கத்தில் கால்மனாய்தான் சரி. அங்கே கஷ்டத்தை இன்றைய வெல்டர் ஏற்றுக்கொள்கிறார். சூடாக்கி, ஆறவைத்து, வெடித்ததைச் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடி ஏற்றி, பிளாஸ்மாக் கருவியோடு போராடுகிறார். அவர் பட்ட பாடு அன்றோடு முடிகிறது. ஸ்டெல்லைட் பூசியிருந்தால் அந்தப் பாடு முப்பது நாற்பது ஆண்டு தள்ளி, பம்பைக் கழற்றவும் உலையைப் பிரிக்கவும் வருகிற, இன்னும் பிறக்காத ஒருவர் தலையில் கதிராக இறங்கியிருக்கும்.

ஆனால் இந்தத் தீர்ப்போடு வேலை முடியவில்லை. ஒரு கணக்கு பாருங்கள். ஒரு கிலோ ஸ்டெல்லைட்-6-இல் ஏறக்குறைய 600 கிராம் கோபால்ட். ஒரு டன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அசுத்தமாக 0.05 சதவீதம் கோபால்ட் கலந்திருந்தால் அதில் 500 கிராம். நிக்கலோடும் பழைய இரும்போடும் கோபால்ட் தானாகவே எஃகுக்குள் வந்து சேர்ந்துவிடும். உலையின் உள்ளே நிற்கும் எஃகு கிலோ கணக்கிலா இருக்கிறது? டன் டன்னாக இருக்கிறது. வால்வு முகத்திலிருந்து ஸ்டெல்லைட்டை விரட்டிவிட்டு, சுற்றி நிற்கும் எஃகில் கோபால்ட் எவ்வளவு என்று கேட்காமல் விட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியதாகும். கல்பாக்கத்தில் அடுத்த வேக உலைகளைத் திட்டமிடுபவர்கள், எஃகு வாங்கும் ஒப்பந்தத்திலேயே கோபால்ட்டுக்குக் கண்டிப்பான உச்சவரம்பு வைத்து, உருக்காலை உலையில் உருகும் ஒவ்வொரு வார்ப்புக்கும் அளந்து காட்டச் சொல்ல வேண்டும். கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலைக்கு 2010-லிருந்து சொந்த உருக்குக் கூடம் இருக்கிறது. அப்படி அளந்து தரும் எஃகுக்கு ஆள் தேடினால், கேள்வியை முதலில் இங்கே கேட்டுப் பார்க்கலாம்.